பதினைந்து சதப் பை

2002 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 4 ஆம் நாள், திங்கட்கிழமை. அன்று காலை அயர்லாந்து நாட்டுக் கடைகளுக்குச் சென்றோர், பாணும் பாலும் உருளைக்கிழங்கும் எடுத்துக்கொண்டு பணம் செலுத்தும் மேசையண்டை வந்தபோது, அதுவரை கேட்டறியாத ஒரு வினாவுக்கு விடை கூற வேண்டியவராயினர். பை வேண்டுமா என்பதே அவ்வினா. வேண்டுமாயின் பை ஒன்றுக்குப் பதினைந்து சதம் கொடுத்தல் வேண்டும். கடைக்காரர் மனமிரங்கி அதனைத் தள்ளிவிடவும் இயலாது. ஏனெனில் அது கடையின் விலையன்று, அரசின் தீர்வை. முன்னாள் மாலைவரை கேளாமலே கொடுக்கப்பட்டுவந்த அதே மெல்லிய பொலித்தீன் பைக்குத்தான் இவ்விலை.

யூரோ நாணயம் அந்நாட்டிலே புழக்கத்துக்கு வந்து அப்பொழுது இரண்டு திங்களே நிறைந்திருந்தன. பழைய அயர்லாந்துப் பவுண் பெப்ரவரி மாதம் 9 ஆம் நாளுடன் செல்லாக்காசாயிற்று. புதுக் காசை மனத்துள் பழைய பென்சுக்கு மாற்றி மாற்றி மக்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அத்தகைய வேளையிலே மிகச் சிறு செலவும் கண்ணுக்குத் தப்பாது. இதனை எண்ணித்தான் நாள் குறிக்கப்பட்டது என்பதற்கில்லை. ஆயினும் காலமும் தீர்வைக்குத் துணைநின்றது எனலாம்.

தீர்வை விதிக்கப்படுமுன் அயர்லாந்தில் ஆள் ஒருவருக்கு ஆண்டொன்றுக்குச் சராசரி 328 பைகள் செலவாயின என்பது அரசின் மதிப்பீடு. தீர்வை வந்தபின் அத்தொகை 21 ஆக வீழ்ந்தது. ஒரு நாட்டு மக்களின் அன்றாடப் பழக்கம் இத்துணை விரைவில், இத்துணை அமைதியாக மாறிய நிகழ்ச்சிகள் மிகச் சிலவே. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, பிற நாடுகளில் அதே முறை சிலவிடத்துப் பலித்துச் சிலவிடத்துப் பொய்த்தது எதனால் என்பவற்றை அறிய வேண்டுமாயின், பையின் பிறப்பிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

பொருள் வாங்கச் செல்பவர் அதைக் கொண்டுவருதற்குரிய கலத்தையும் கையோடு எடுத்துச் செல்லுதல் எல்லா நாட்டிலும் பழைய வழக்கம். யாழ்ப்பாணத்திலே சந்தைக்குப் புறப்படுபவர் கையில் பனையோலையால் இழைத்த உமல் தொங்கும். பெருஞ்சுமையாயின் கடகம் தலைமேல் ஏறும். தென்னிலங்கையில் பன் என்னும் புல்லால் இழைத்த பை அதே பணியைச் செய்தது. ஐரோப்பாவில் பிரம்புக் கூடையும் நூல்வலைப் பையும் இருந்தன. கடைக்காரர் சீனியையும் பருப்பையும் கடதாசிச் சரையாகச் சுற்றி நூலாற் கட்டிக் கொடுப்பார். இவ்வொழுங்கிலே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. சுற்றுவது கடைக்காரருடையது, சுமப்பது வாங்குபவருடையது. உமல் ஒரு நாளைக்கென்று செய்யப்பட்டதன்று. அது பிய்ந்து போகும்வரை வீட்டுச் சுவரில் ஓர் ஆணியிலே தொங்கும். கடைக்குப் புறப்படும்போது செருப்பைத் தேடுவது போல அதனையும் கை தானாகத் தேடும்.

இவ்வொழுங்கு முதலில் நெகிழத் தொடங்கியது அமெரிக்காவிலாகும். தட்டையான அடியுடைய கடதாசிப் பையை இயந்திரத்தாற் செய்யும் முறையை மார்கிரற் நைற் என்னும் பெண்மணி கண்டுபிடித்தார். அவ்வியந்திரத்தின் மாதிரியைப் பார்த்த ஒருவர் அதனைத் தம்முடைய பெயரிலே பதிவுசெய்துகொள்ள முயல, அம்மையார் வழக்காடி வென்று 1871 ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். அடி தட்டையானமையால் பை மேசைமேல் தானாக நின்றது. கடைக்காரர் இரு கையாலும் பொருளை அடுக்க முடிந்தது. சுமக்கும் கலத்தைக் கடையே கொடுக்கும் வழக்கம் அவ்வாறு வேரூன்றிற்று. அதுவும் கடதாசியாயிருந்தவரை மழையில் நனைந்தால் கரைந்து மண்ணோடு மண்ணாகும்; ஆதலின் எவரும் அதனைப் பெரிதாக எண்ணவில்லை.

பொலித்தீன் தற்செயலாகப் பிறந்த பொருள். 1933 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்தின் நோத்விச் என்னுமிடத்திலே, ஐ. சி. ஐ. நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில், எரிக் போசெற், ரெஜினோல்ட் கிப்சன் என்னும் இரு இரசாயனவியலார் உயர் அமுக்கத்தில் வேறொன்றைச் செய்ய முயன்றபோது, கலத்தினுள் வெண்மெழுகு போன்ற ஒன்று எஞ்சியிருக்கக் கண்டனர். இரண்டாம் உலகப் போரின்போது றேடார்க் கருவிகளின் கம்பிகளுக்கு உறையாக அது பயன்பட்டது. போர் முடிந்தபின் அது வீட்டுப் பொருள்களிற் புகுந்தது. அதனைக் கைபிடியுள்ள பையாக்கியவர் சுவீடன் நாட்டவரான ஸ்ரென் குஸ்தாவ் தூலின். குழாய் வடிவான பொலித்தீன் தாளை மடித்து, வெப்பத்தால் ஒட்டி, மேற்புறத்தில் ஒரு துண்டை வெட்டியெடுத்தால், கைபிடியும் பையும் ஒன்றாகவே அமைந்துவிடும். செல்லோபிளாஸ்ற் என்னும் சுவீடன் நிறுவனம் 1965 ஆம் ஆண்டில் அம்முறைக்கு அமெரிக்காவில் உரிமைப்பத்திரம் பெற்றது. பத்துக் கிராமும் நிறையாத அப்பை பல கிலோகிராம் பொருளைத் தாங்கிற்று.

தூலின் பற்றி அவருடைய மகன் பிற்காலத்தில் பி. பி. சி. நிறுவனத்துக்குக் கூறிய செய்தி சிந்தைக்குரியது. கடதாசிப் பைக்காக மரங்கள் வெட்டப்படுகின்றன என்னும் கவலையே தந்தையாரை அம்முயற்சியில் ஈடுபடுத்தியதாம். தாம் செய்த பை உறுதியானது, மீண்டும் மீண்டும் பயன்படுவது என்றே அவர் எண்ணினாராம். எப்பொழுதும் ஒரு பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பாராம். ஆகவே, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பையை உலகுக்குக் கொடுத்தவர், தாம் மட்டும் உமல்காரரைப் போலவே வாழ்ந்தார்.

அவர் எண்ணியதற்கு மாறாக உலகம் நடந்தமைக்குக் காரணம் பையின் மலிவு. கடதாசிப் பையிலும் அது குறைந்த செலவுடையது. சேமித்துவைக்க இடம் வேண்டாதது. 1982 ஆம் ஆண்டில் சேவ்வே, குரோகர் என்னும் பெரும் அமெரிக்க அங்காடி நிறுவனங்கள் இரண்டும் அதனை ஏற்றபின் மற்றையோர் பின்தொடர்ந்தனர். பை இலவசமாயிற்று. ஆயின் இலவசம் என்ற அச்சொல்லைச் சிறிது சோதித்துப் பார்த்தல் தகும். கடைக்காரர் பைகளை விலைகொடுத்தே வாங்கினார். அவ்விலையைச் சீனியிலும் அரிசியிலும் சவர்க்காரத்திலும் ஒரு மயிரிழையளவு ஏற்றி வைத்தார். அதன் பயனாக, தம் உமலுடன் கடைக்கு வந்தவர், பத்துப் பை வாங்கிச் சென்ற அயலவரின் பைக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தார். சிக்கனக்காரருக்குத் தண்டமும் விரயக்காரருக்குப் பரிசுமாக நடந்த இவ்வணிகத்தை எவரும் அநீதி என்று சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத விலையை யார் எதிர்ப்பார்?

கண்ணுக்குத் தெரிந்தது பை மட்டுமே. அயர்லாந்து காற்று மிகுந்த நாடு. வேலிகளிலும் இலையுதிர்ந்த மரக்கிளைகளிலும் கிழிந்த பைகள் படபடத்துத் தொங்கின. அந்நாட்டு மக்கள் அவற்றுக்குச் சூனியக்காரியின் உள்ளாடை என்று ஒரு நகைச்சுவைப் பெயர் இட்டிருந்தனர். ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 120 கோடி பைகள் இலவசமாக வழங்கப்பட்டன. தெருவிலும் வெளியிலும் சிதறிய குப்பையில் நூற்றுக்கு ஐந்து பங்கு இவையே எனக் கணக்கிடப்பட்டது. ஐந்து பங்கு சிறிதுபோலத் தோன்றலாம். எனினும் சிகரெற் துண்டு நிலத்திற் கிடக்கும், பையோ கண்ணுயரத்தில் ஆடும். சுற்றுலாவை நம்பிய ஒரு நாட்டுக்கு அது பெருங்குறையாயிற்று.

அப்பொழுது சுற்றாடல் அமைச்சராயிருந்தவர் நோயல் டெம்ப்சி. இது பற்றி 1999 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வறிக்கை தயாரிக்கப்பட்டது. பைகளைச் செய்வோரிடமும் இறக்குமதி செய்வோரிடமும் வரி அறவிடுவதே எளிது என்பது அவ்வறிக்கையின் போக்கு. வரி அறவிடும் அலுவலரின் கண்கொண்டு நோக்கினால் அது நியாயமே. ஆயிரக்கணக்கான கடைகளைக் கண்காணிப்பதிலும் சில நிறுவனங்களைக் கண்காணித்தல் இலகு. டென்மார்க்கு நாடு 1994 ஆம் ஆண்டிலிருந்து கடைப்பிடித்த முறையும் ஏறக்குறைய இதுவே. அங்கே பையின் நிறைக்கேற்ப வரி விதிக்கப்பட்டது. பைப் பாவனையும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆனால் அயர்லாந்து அமைச்சு வேறு வழியை நாடிற்று. ஆலை வாயிலில் விதிக்கும் வரி மீண்டும் சீனி விலைக்குள்ளே சென்று மறைந்துவிடும். பையை எடுக்கும் கை அதனை உணராது. எனவே கை நீளும் இடத்திலேயே, மேசையண்டையிலேயே, தீர்வை விழுதல் வேண்டும் என்று முடிவாயிற்று. 2001 ஆம் ஆண்டில் அதற்குரிய சட்டம் திருத்தப்பட்டது.

எவ்வளவு அறவிடுவது என்பது அடுத்த வினா. மக்களைக் கேட்டறிந்தபோது, பை ஒன்றுக்குச் சராசரி 2.4 சதத்துக்கு மேற் கொடுக்க அவர்கள் உடன்படார் எனத் தெரிந்தது. சாதாரண அரசியல்வாதியாயின் இரண்டு சதம் விதித்து எல்லோரையும் மகிழ்வித்திருப்பார். பணமும் ஓரளவு சேர்ந்திருக்கும். மரங்களிற் பையும் ஆடிக்கொண்டிருந்திருக்கும். விதிக்கப்பட்டதோ பதினைந்து சதம்; மக்கள் உடன்பட்ட தொகைக்கு ஆறு மடங்குக்கு மேல். ஒருவரை ஏழையாக்காத தொகை அது. ஆனால் ஒவ்வொரு முறையும் உறுத்துகின்ற தொகை. செருப்பினுள் அகப்பட்ட சிறு கல்லோடு அதனை ஒப்பிடலாம்.

சட்டத்தின் நுணுக்கங்களும் நோக்கத்தக்கன. தீர்வை முழுவதையும் வாங்குபவரிடமே அறவிடுதல் வேண்டும். கடைக்காரர் தாமே ஏற்று மறைத்தலாகாது. பற்றுச்சீட்டில் அது தனி வரியாகக் காட்டப்படுதல் வேண்டும். பச்சை மீன், இறைச்சி, கோழி ஆகியவற்றைச் சுற்றும் சிறு பைகளுக்கும், பொதி செய்யப்படாத பழம் மரக்கறிக்குரிய பைகளுக்கும் விலக்கு உண்டு. 70 சதமும் அதற்கு மேலும் விலையுள்ள, திரும்பத் திரும்பப் பயன்படும் பைகளுக்கும் விலக்கு உண்டு. சேரும் பணம் பொதுத் திறைசேரியில் கலவாது சுற்றாடல் நிதி என்னும் தனிக் கணக்கிற் சேர்ந்தது; குப்பை அகற்றலுக்கும் மீள்சுழற்சிக்கும் அங்கிருந்து செலவிடப்பட்டது. கடைகள் ஏற்கனவே விற்பனை வரிக் கணக்குச் சமர்ப்பிக்கும் இறைவரித் திணைக்களமே இதனையும் அறவிட்டமையால், நிருவாகச் செலவு வருமானத்தில் நூற்றுக்கு மூன்று அளவினதாயிற்று. புதுத் திணைக்களம் ஒன்று தோன்றவில்லை என்பதை நிருவாகம் அறிந்தோர் வியப்புடனேயே நோக்குவர்.

எதிர்ப்பு இல்லாமலில்லை. பையின்றிப் பொருளைக் கையிலே தூக்கிச் செல்வோருள் பணம் கொடுத்தவர் யார், கொடாதவர் யார் எனப் பிரித்தறிவது எங்ஙனம், களவு பெருகுமே என்று கடைக்காரர் அஞ்சினர். வாடிக்கையாளரின் கோபம் அரசின்மேல் விழாது தம்மேல் விழும் என்பதும் அவர்களுடைய கவலை. அதனாலேதான் விளம்பரத்துக்கு அரசு முன்கூட்டியே செலவிட்டது. தீர்வை யாருடையது, பணம் எங்கே செல்கிறது என்பதை முதல் நாளே மக்கள் அறிந்திருந்தனர். ஓராண்டு சென்றபின் கடைக்காரர் பலரே இதனை ஆதரித்தனர். பைக்குச் செலவிட்ட பணம் அவர்களுக்கு மிஞ்சியதன்றோ?

குப்பைக் கணக்கிலே பையின் பங்கு நூற்றுக்கு ஐந்திலிருந்து 2002 ஆம் ஆண்டிலேயே நூற்றுக்கு 0.32 ஆயிற்று. 2003 ஆம் ஆண்டிற் சுற்றாடல் நிதிக்கு இத்தீர்வையால் ஒரு கோடி யூரோவுக்கு மேற் கிடைத்தது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இத்தீர்வை முற்றாக வெற்றி பெறுமாயின் வருமானம் பூச்சியமாகிவிடும். வருமானம் குறையக் குறைய மகிழ வேண்டிய வரி இது. 2007 ஆம் ஆண்டில் பொருளியலார் சிலர் இதுபற்றி எழுதிய கட்டுரைக்கு, ஐரோப்பாவிலே மிகவும் விரும்பப்படும் வரி இதுவோ என்னும் பொருள்படத் தலைப்பிட்டனர். ஒரு வரிக்கு இத்தகைய பெயர் கிட்டுதல் அரிது.

ஆயினும் பழக்கம் முற்றாக இறந்துவிடவில்லை. சில ஆண்டுகள் கழிந்தபின் பதினைந்து சதத்தின் உறுத்தல் மழுங்கலாயிற்று; ஆளுக்கு 21 ஆக இருந்த தொகை 2006 ஆம் ஆண்டளவில் முப்பதை அண்மியது. 2007 ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாம் நாள் தீர்வை 22 சதமாக உயர்த்தப்பட்டது.

சிறு தொகை பெருமாற்றம் செய்வது ஏன் என்பதற்கு விடை தேடிய ஆய்வுகளுள் அமெரிக்கத் தலைநகர் வொஷிங்டனையும் அதன் அயலையும் சார்ந்து நிகழ்ந்த ஒன்று தெளிவானது. அங்கே சில கடைகள், சொந்தப் பை கொண்டுவருபவருக்கு ஐந்து சதம் கழித்துக் கொடுத்துவந்தன. வேறு சில கடைகள் எதனையும் கழிக்கவில்லை. இரு வகைக் கடைகளிலும், கடைப் பையைப் பெற்றவர் தொகை ஏறத்தாழ ஒன்றாகவே, நூற்றுக்கு எண்பதுக்கு மேல், இருந்தது. வெகுமதி ஒருவரையும் அசைக்கவில்லை என்பதே இதன் பொருள். பின்னர் அதே ஐந்து சதம் பைமேல் வரியாக விதிக்கப்பட்டபோது, தொகை நூற்றுக்கு நாற்பதாயிற்று. கிடைக்கும் ஐந்து சதத்திலும் இழக்கும் ஐந்து சதம் கனமானது. பை கொண்டுவந்தால் விலைக் கழிவு என்று அறிவித்துவிட்டு, மக்கள் திருந்தவில்லை என்று குறைகூறும் வணிகர்க்கு இவ்வாய்வு விடையளிக்கும்.

விலை வைத்தால் போதும், மற்றையன தாமே நடக்கும் என்று இதனைக்கொண்டு முடிவுகட்டுவாருமுளர். தென்னாபிரிக்காவின் கதை அவர்களுக்குரியது. அங்கும் வேலிகளில் தொங்கும் பையை நாட்டின் தேசிய மலர் என்று மக்கள் எள்ளினர். 2003 ஆம் ஆண்டு மே மாதத்தில் மெல்லிய பைகள் தடுக்கப்பட்டுத் தடித்த பைக்கு விலை வைக்கப்பட்டது; தொடக்கத்தில் ஒரு பை 46 தென்னாபிரிக்கச் சதம். பாவனை மளமளவென்று வீழ்ந்தது. ஆனால் அவ்விலையில் அரசின் தீர்வை மிகச் சிறு பங்கே. எஞ்சியதைக் கடைகள் தம் விருப்பப்படி குறைக்கலாம். போட்டி மிகுந்த கடைகள் சில மாதங்களுள் விலையை இறக்கின. விலை இறங்க இறங்கப் பாவனை மீண்டும் ஏறிற்று. அயர்லாந்தில் விலையைத் தொட எவருக்கும் உரிமையில்லை. தென்னாபிரிக்காவில் எல்லோருக்கும் உரிமையிருந்தது. இரு நாடுகளின் முடிபுகளும் வேறாயின.

அயர்லாந்தின் தீர்வை நடைமுறைக்கு வருவதற்கு மூன்று நாள் முன்னர், 2002 ஆம் ஆண்டு மார்ச்சு முதலாம் நாளில், வங்காளதேசம் மெல்லிய பொலித்தீன் பைகளை நாடு முழுவதும் தடைசெய்தது. தலைநகர் டாக்காவில் அவ்வாண்டு சனவரியிலேயே தடை வந்துவிட்டது. அங்கே பிரச்சினை மரக்கிளையின் அழகன்று. 1988 ஆம் ஆண்டிலும் 1998 ஆம் ஆண்டிலும் அந்நாட்டை மூழ்கடித்த பெருவெள்ளங்களின்போது, வடிகால்களை அடைத்து நீரை வடியவொட்டாது தடுத்தவற்றுள் பைகளும் முக்கியமானவை எனக் கருதப்பட்டது. உயிர்ப் பிரச்சினையாதலின் விலை வைத்துப் பார்ப்பதற்குப் பொறுமையில்லை, நேரே தடை. பை தடைப்பட்டால் சணற் பை அதனிடத்தை நிரப்பும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. சணல் வங்காளத்தின் பொன் அல்லவா? ஆயின் அதே 2002 ஆம் ஆண்டு யூன் மாதம் 30 ஆம் நாள், ஒருகாலத்தில் உலகின் மிகப் பெரிய சணல் ஆலையாக விளங்கிய நாராயண்கஞ்சின் ஆதம்சி ஆலை நட்டத்தால் மூடப்பட்டது. பொலித்தீனைச் சட்டம் தடுத்தது. சணலை மக்களின் கையில் மலிவாகக் கொண்டுபோய்ச் சேர்க்க ஏற்பாடு இருக்கவில்லை. தொடக்கத்தில் இறுக்கமாயிருந்த கண்காணிப்புத் தளர, சந்தைகளிற் பை மீண்டும் தலைகாட்டிற்று. 2024 ஆம் ஆண்டு ஒற்றோபரிற் பேரங்காடிகளிலும் நவம்பரிற் சந்தைகளிலுமாக அத்தடையை மறுபடியும் நடைமுறைப்படுத்த அரசு முனைய வேண்டியதாயிற்று. இருபத்திரண்டு ஆண்டுக்குப் பின்னர் அதே தடை!

இனி மாற்றுப் பை எது என்னும் வினா. துணியென்றால் நல்லது, பொலித்தீனென்றால் தீயது என்று சொல்லிவிடுதல் எளிது. கணக்குப் பார்த்தவர் கூறுவது வேறு. இங்கிலாந்தின் சுற்றாடல் முகவரகம் 2011 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, ஒவ்வொரு பையையும் செய்தற்கும் ஏற்றியிறக்கற்கும் ஆகும் எரிபொருளையும் அதனால் வளிமண்டலத்துக்கு நேரும் வெப்பத் தீங்கையும் அளந்தது. ஒருமுறை பயன்படும் மெல்லிய பையோடு சமமாவதற்குக் கடதாசிப் பையை மூன்று முறையும், தடித்த பொலித்தீன் பையை நான்கு முறையும், நெய்யாத பொலிப்புறொப்பலீன் பையை 11 முறையும், பருத்திப் பையை 131 முறையும் பயன்படுத்தல் வேண்டும் என்பது அதன் முடிபு. டென்மார்க்கின் 2018 ஆம் ஆண்டு ஆய்வு வெப்பத்தோடு நீர், மண், ஓசோன் முதலிய எல்லாவற்றையும் ஒருங்கு நோக்கி, பருத்திப் பைக்கு 7,100 முறை என்று கூறியபோது பலரும் திடுக்குற்றனர். வெப்பத்தை மட்டும் நோக்கின் அத்தொகை 52. பருத்தி உற்பத்தியால் ஓசோனுக்கு நேரும் தீங்கே இதற்குப் பெருங்காரணம்.

இவ்வெண்களைப் படித்துவிட்டுப் பொலித்தீனே புனிதம் என்று எழுதியோர் உளர். அவர்கள் ஒன்றை மறந்தனர். வடிகாலை அடைப்பதும், கடலில் மிதப்பதும், மாட்டின் வயிற்றிற் செல்வதும் இக்கணக்குகளில் இடம்பெறவில்லை. துணிப் பையை வாராவாரம் மூன்று ஆண்டு தூக்கினால் 150 முறையைக் கடந்துவிடலாம் என்பதையும் அவர்கள் எண்ணவில்லை. எதனாற் செய்தது என்பதிலும் எத்தனை முறை சென்றுவந்தது என்பதே பெரிது. அலுமாரியிற் பத்துத் துணிப் பையை மடித்து வைத்துவிட்டுக் கடையிற் பதினோராவது துணிப் பையை வாங்குபவர் பொலித்தீன்காரரிலும் அதிகம் செலவு செய்கின்றார்.

இங்கிலாந்து இதனை அனுபவத்தாற் கண்டது. பிரித்தானியாவில் வேல்சு 2011 இலும், வட அயர்லாந்து 2013 இலும், ஸ்கொத்லாந்து 2014 இலும், இங்கிலாந்து 2015 ஆம் ஆண்டு ஒற்றோபர் 5 ஆம் நாளிலும் ஐந்து பென்சு விலையை ஏற்றன. மெல்லிய பையின் விற்பனை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வீழ்ந்தது. ஆனால் வாழ்நாட் பை என்னும் பெயருடன், சற்றுத் தடித்த பொலித்தீன் பைகளை அங்காடிகள் மலிவாக விற்றன. ஒரே ஆண்டில் 150 கோடி வாழ்நாட் பைகள் விற்பனையாயின என்று 2019 ஆம் ஆண்டிற் சூழலியல் அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. ஒரு மனிதனுக்கு எத்தனை வாழ்நாள்! அயர்லாந்து தொடக்கத்திலேயே 70 சதம் என்னும் எல்லையை வகுத்துவைத்ததன் பயன் இங்கே புலனாகும். தடித்த பையும் மலிவாயின் அதுவும் எறியப்படும் என்பதை அச்சட்டம் இயற்றியோர் முன்னரே உணர்ந்திருந்தனர்.

இலங்கையும் இவ்வழியிற் பல படிகளைக் கடந்துள்ளது. இருபது மைக்கிரோனும் அதனிற் குறைந்தும் தடிப்புள்ள பொலித்தீன் 2007 ஆம் ஆண்டு சனவரி முதல் தடைசெய்யப்பட்டது. மைக்கிரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்திலொரு பங்கு. கடைக்காரரோ வாங்குபவரோ கண்ணால் அளந்து காணத்தக்கதன்று. பின்னர் 2017 ஆம் ஆண்டு ஏப்பிரில் 14 ஆம் நாள், புத்தாண்டுத் தினத்திலே, கொழும்பின் அயலிலுள்ள மீதொட்டமுல்லையில் ஏறக்குறைய 300 அடி உயர்ந்திருந்த குப்பைமேடு சரிந்து வீடுகளை மூட, 32 பேர் உயிரிழந்தனர். தலைநகரின் குப்பை எங்கே செல்கின்றது என்பதை நாடு அன்றுதான் நேரே கண்டது. அவ்வாண்டு செப்தெம்பர் முதலாம் நாளிலிருந்து, உயர்ந்த அடர்த்திப் பொலித்தீனாற் செய்த பையும், சோற்றுப்பொதி சுற்றும் லஞ்ச் சீற்றும், றெஜிபோம் உணவுப் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. குறைந்த அடர்த்திப் பொலித்தீனாலான பை தடைக்குள் வரவில்லை. எனவே சொப்பிங் பாக் என்று மக்கள் அழைக்கும் பை, மூலப்பொருள் மாறிக் கடையிலே தொடர்ந்தது, இலவசமாகவே தொடர்ந்தது.

2025 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதலாம் நாளுடன் அவ்விலவசம் முடிந்தது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் வர்த்தமானிக் கட்டளைப்படி, கைபிடியுள்ள பொலித்தீன் பையை விலையின்றி வழங்குதல் கூடாது. விலையைக் கடையிலே காட்சிக்கு வைத்தல் வேண்டும். பற்றுச்சீட்டிலும் குறித்தல் வேண்டும். கண்ணுக்குத் தெரியாதிருந்த விலை தனி வரியாக வெளிப்பட்டதைப் பொறுத்தவரை இது அயர்லாந்தின் வழி. ஆயின் விலை எவ்வளவு என்பதைக் கட்டளை வரையறுக்கவில்லை. சேரும் பணமும் தனி நிதி எதற்கும் செல்லாது கடைக்கே உரியது. அவ்வகையில் இது அயர்லாந்திலும் தென்னாபிரிக்காவுக்கே அண்மையது. விலையைக் கடைகள் நிறுத்தி வைக்குமா, போட்டியில் இறக்குமா என்பதைப் பொறுத்தே இதன் பயன் அமையும்.

இன்னொன்றும் உண்டு. பற்றுச்சீட்டு என்பது பேரங்காடிக்குரியது. சுன்னாகம் சந்தையிலே மரக்கறி விற்பவரும், கடற்கரையில் மீன் நிறுப்பவரும் சீட்டு எழுதுவதில்லை. கணக்கு நாவிலும் விரலிலும் நடக்கின்றது. அங்கே பைக்குத் தனி வரி எழுதுதற்குத் தாளே இல்லை. அதே சந்தைகளுக்குத்தான் ஒருகாலத்தில் ஒவ்வொருவரும் உமலுடன் வந்தனர். உமல் இழைக்கும் கைகள் வடக்கில் இன்னும் இருக்கின்றன. ஆனால் அவர்கள் இழைப்பவற்றுட் பல இன்று காய்கறிச் சந்தைக்குச் செல்வதில்லை. அவை கைப்பணிக் கடைகளில், விலைச்சீட்டுத் தொங்க, சுற்றுலாப் பயணிகளுக்காகக் காத்திருக்கின்றன.